முட்டுக்காலில் நிற்கும் படகு

பாயின்ட் சலீன்ஸ், கிரெனடா
சனிக்கிழமை, ஜூன் 21

அன்புள்ள அலிக் அண்ணாவுக்கு,

எழுதுவதற்கே முதலில் மன்னிக்க வேண்டும். கிறிஸ்துமஸுக்கு நான் அனுப்பிய வாழ்த்து அட்டைக்குப் பதில் வரவில்லை. அதனால் என் கையெழுத்தைப் பார்க்க உங்களுக்கு விருப்பமில்லை என்று எடுத்துக்கொண்டு சும்மா இருந்துவிட்டேன். இதைத் தொலைபேசியில் சொல்லிவிடலாம் என்றுகூட நினைத்தேன். ஆனால் மிஸ் டோரின் கடைக்கு நான் போன் செய்தால், ரொட்டி வாங்க வந்தவர்களும் மண்ணெண்ணெய் வாங்க வந்தவர்களும் கேட்டு முடித்த பிறகுதான் செய்தி உங்களிடம் வரும். அதற்குள் அது வேறு செய்தியாக மாறியிருக்கும். கரியாக்குத் தீவுக்கு வரும் சரக்குப் படகில் கொடுத்தால் மறுநாளே உங்கள் கைக்கு ஒட்டின உறை ஒட்டினபடி வந்து சேரும் என்பதால் எழுதுகிறேன்.

போன வாரம் படகுத்துறையில் வெங்காயம் இறக்கிக்கொண்டிருந்த நம்மூர்க்காரர் ஒருவர் என்னைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "உங்க அண்ணன் படகு இருபத்தொம்பதாம் தேதி கடல்ல இறங்குதே, நீ எப்ப கிளம்புற?" மீனவர் திருநாள் அன்று என்பதும் அவர் சொல்லித்தான் தெரியும். "வருவேன்" என்று சொல்லிவிட்டு வேகமாக நடந்து வந்துவிட்டேன். யாரும் கூப்பிடாத இடத்துக்கு வருவேன் என்று சொன்னதில் முகம் எரிந்தது.

நான் எழுதுவது அதைப் பற்றி அல்ல. ஆப்பிரிக்கக் கரையிலிருந்து நேற்று ஓர் அலை கிளம்பியிருக்கிறது. கடல் அலை இல்லை, காற்றின் அலை. படுக்கை விரிப்புக்கு அடியில் கையை விட்டு நகர்த்தினால் மேலே ஒரு மேடு நகருமே, அதுபோல, கிழக்கிலிருந்து ஓயாமல் வீசும் காற்றில் ஒரு வளைவு மேற்கே நகர்ந்து வரும். அதன்மேல் மேகங்கள் உட்கார்ந்து வரும். இந்தக் காலத்தில் மூன்று நான்கு நாளைக்கு ஒன்று கிளம்புவது வழக்கம்தான். பெரும்பாலானவை மழையைக் கொட்டிவிட்டுப் போய்விடும். எப்போதாவது ஒன்று சுற்றிச் சுழன்று, மூடிக்கொண்டு, புயலாகிவிடும்.

இந்த அலை கொஞ்சம் பெரியது. தொலைநகலில் வரும் செயற்கைக்கோள் படம் சாம்பல் நிறமாகத்தான் இருக்கும். ஆனாலும் தெரிகிறது. எங்கள் விமான நிலைய வானிலை அலுவலகத்தின் மூத்த கணிப்பாளர் மிஸ்டர் தெலஸ்போர்ட் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு பார்த்துவிட்டு, "இன்னும் தொட்டில் குழந்தை. இது என்ன ஆகும்னு இதுக்கே தெரியாது, நமக்கு எங்க தெரியப்போகுது?" என்றார். இந்த வேகத்தில் வந்தால் அடுத்த சனிக்கிழமை வாக்கில் நம் தீவுகளைக் கடக்கலாம். அதாவது உங்கள் விழாவுக்கு முந்தைய நாள். அது வளரலாம், வளராமலும் போகலாம். உங்களுக்குத் தெரிந்திருப்பது நல்லதாக இருக்கலாம் என்று தோன்றியது.

மர்வா அண்ணிக்கு என் அன்பு.

லெனோரா


விண்ட்வர்டு, கரியாக்கு
திங்கட்கிழமை, ஜூன் 23

லெனோராவுக்கு,

நான் எப்போதிலிருந்து "நீங்கள்" ஆனேன்? சம்பளம் வாங்க ஆரம்பித்தால் அண்ணனை அப்படித்தான் கூப்பிட வேண்டும் என்று விமான நிலையத்தில் சொல்லிக்கொடுத்தார்களா?

உன் கடிதத்தை மர்வா சத்தமாக வாசிக்கச் சொன்னாள். வாசித்தேன். வளரலாம், போகலாம், கடக்கலாம், இருக்கலாம். கடைசிப் பக்கம் வரும்போது எனக்குக் கடலில் இருப்பதுபோல் தலை சுற்றியது. மர்வா சொல்கிறாள்: "பாவம், புள்ள பயந்து பயந்து எழுதியிருக்கு. கத்தாம பதில் எழுது." நான் கத்தவில்லை. பேனாவால் எப்படிக் கத்துவது?

நீ ஊரை விட்டுப் போன அன்று படகுத்துறையில் நான் சொன்னதை நீ மறந்திருக்க மாட்டாய். நானும் மறக்கவில்லை. பாதிரியார் முன்னால் தொப்பியைக் கழற்றிக்கொண்டு நின்று, பள்ளிக்கூடத்தில் உனக்கு டீச்சர் வேலை கேட்டு வைத்திருந்தேன். நம் வீட்டில் முதன்முதலாகப் பட்டம் வாங்கியவள், நம் ஊரிலேயே இருப்பாள் என்று ஊரெல்லாம் சொல்லியிருந்தேன். நீ வானிலை வேலைக்குப் போகிறேன் என்றாய், மேகம் எண்ணவா என்று ஊர் முன்னால் கேட்டேன். எனக்குக் கோபம் வந்தது. வந்தது வந்ததுதான். இப்போது அதைப் பேசி என்ன?

படகைப் பற்றிச் சொல்கிறேன். வெள்ளை அடித்து, பச்சைக் கோடு போட்டாகிவிட்டது. கடற்கரையில் பன்னிரண்டு முட்டுக்காலில் நிற்கிறாள். பின்பக்கம் பெயர் எழுதி, அதன்மேல் துணி போட்டு ஆணி அடித்துவிட்டேன். அந்தப் பெயர் எனக்கும் பெயிண்ட் டப்பாவுக்கும் மட்டும்தான் தெரியும். மர்வாவுக்கே சொல்லவில்லை. அதற்காக நான்கு நாள் சோறு உப்பில்லாமல் வந்தது. படகுக்கு ஞானத்தாய் எட்னா சித்தி, மர்வாவின் அம்மாவுடைய தங்கை. பெயர்மேல் இருக்கிற துணியை விலக்குவதற்காக இங்கிலாந்திலிருந்து, ஹட்டர்ஸ்ஃபீல்டிலிருந்து, விமானத்தில் வருகிறாள். அதற்கென்றே ஒரு தொப்பி வாங்கியிருக்கிறாளாம். ஆடு இரண்டு கட்டிக் கிடக்கிறது. ஐஸ் போட்டால் ஐஸே மூழ்கிப்போகிற ரம் இரண்டு பெரிய சீசா வந்தாகிவிட்டது. முரசு அடிக்கிறவர்கள் சனிக்கிழமை மாலை வருகிறார்கள்.

ஆகவே உனக்கு ஒரே கேள்வி. ஞாயிற்றுக்கிழமை படகை இறக்கலாமா, கூடாதா? ஒரே வார்த்தையில் எழுது. தபால்தலை இல்லாத கடிதம், தந்திபோல வார்த்தைக்குக் காசு இல்லை, ஆனாலும் ஒரே வார்த்தை.

அலிக்


பாயின்ட் சலீன்ஸ்
செவ்வாய்க்கிழமை, ஜூன் 24

அன்புள்ள அண்ணா,

உன் கடிதத்தைச் சாப்பாட்டு வேளையில் படித்தேன். உப்பில்லாத சோற்றைப் படித்ததும் சிரித்துவிட்டேன். என்ன என்று எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். நான் அலுவலகத்தில் சத்தமாகச் சிரித்தது இதுதான் முதல் தடவையாம்.

ஒரே வார்த்தை கேட்டிருக்கிறாய். அது இன்னும் என்னிடம் இல்லை. என்னிடம் இருப்பதைச் சொல்கிறேன்.

அலை இப்போது கடலின் நடுவில் இருக்கிறது. அதற்கு முன்னால் சகாராவின் தூசி பெரிய படலமாக வந்துகொண்டிருக்கிறது. உங்கள் பக்கமும் வானம் பால் கலந்ததுபோல் வெளுத்திருக்குமே, அதுதான். அந்தக் காற்று வறண்டது. வறண்ட காற்று உள்ளே புகுந்தால் மேகம் உயர முடியாமல் சரிந்துவிடும். மிஸ்டர் தெலஸ்போர்ட் சொல்கிறார், "இந்தத் தூசியைக் குடிச்சா எந்தப் புயலுக்கும் இருமல் வந்துடும்." ஆனால் இன்று காலைப் படத்தில் மேகத்தின் வடக்கு ஓரம் லேசாகச் சுருண்டிருக்கிறது. வெந்நீரில் போட்ட எலுமிச்சைத் தோல்போல. அதைப் பார்த்ததிலிருந்து அலுவலகத்தில் யாருக்கும் வேலை ஓடவில்லை. தூசி ஜெயிக்குமா, சுருள் ஜெயிக்குமா என்று பந்தயம். மிஸ்டர் தெலஸ்போர்ட் சுருள் பக்கம். தோற்றால் எல்லோருக்கும் இஞ்சி பீர்.

"நீ சொல்லு, நூத்துக்கு எத்தனை?" என்று என்னிடம் கேட்டார். நான் பென்சிலைச் சீவ ஆரம்பித்தேன். "வாயத் தொறந்து சொல்லும்மா. தப்பா சொன்னாலும் புயல் வந்து உன்னக் கேக்காது" என்றார். இருபது என்றேன். அவர் தலையாட்டினார். சரி என்றா, சின்னப் பெண் என்றா, தெரியவில்லை. எனவே உனக்கும் அதையே சொல்கிறேன். அது புயலாக வளர்வதற்கு நூற்றுக்கு இருபது.

படகுத்துறையில் நடந்ததைப் பேசி என்ன என்று நீயே எழுதியிருக்கிறாய். ஆனாலும் ஒன்றை எழுதிவிடுகிறேன், நேரில் இருந்தால் எனக்கு வாய் வராது. என் வேலையை நீ மேகம் எண்ணுவது என்றாய். அந்த வார்த்தை எனக்குப் புதிது இல்லை. மீன் பிடிக்க நீ வடக்கே போகிற நாட்களில் வீட்டில் எல்லோரும் ஜெபமாலையை எடுத்துக்கொண்டு உட்காருவார்கள். எனக்கு மனப்பாடமாக எதுவும் வராது. வெளியே வந்து கிழக்குப் பக்கம் வானத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். எந்த மேகம் உன் பக்கம் போகிறது, எந்த மேகம் தாண்டிப் போகிறது என்று. அந்தப் பழக்கம்தான் படிப்பானது, அதுதான் வேலையும் ஆனது. பள்ளிக்கூட வேலை வேண்டாம் என்றபோது இதைச் சொல்லியிருக்க வேண்டும். உன் பின்னால் ஊரே நின்றுகொண்டிருந்தது, வாய் வரவில்லை.

நாளைக்கு இன்னும் நல்ல படம் வரும்.

லெனோரா


விண்ட்வர்டு
புதன்கிழமை, ஜூன் 25

லெனோரா,

நூற்றுக்கு இருபது. நல்லது. அப்படியானால் என் படகில் நூற்றுக்கு இருபதை மட்டும் படுக்க வைக்கிறேன். மூக்குப் பக்கமா, பின்பக்கமா? அதையும் தெலஸ்போர்ட் ஐயாவைக் கேட்டு எழுது.

கோபித்துக்கொள்ளாதே. ஜெபமாலை விஷயத்தை இரண்டு முறை படித்தேன். மர்வா அந்தத் தாளை எடுத்துக்கொண்டுபோய்த் தன் பைபிளுக்குள் வைத்துக்கொண்டாள். போகட்டும்.

இப்போது நான் சொல்வதைக் கேள். அந்த மேகத்துக்குப் பெயர் வைப்பார்களா மாட்டார்களா என்பது உங்கள் அலுவலகத்துக் கவலை. எனக்கு அது வேண்டாம். எனக்கு ஒரு படகு நிற்கிறது. பக்கத்துக்கு ஆறு முட்டுக்கால். ஈரம் காயாத சவுக்கு இல்லை, நல்ல வைரம் பாய்ந்த மரம்தான். ஆனால் மண்ணில் ஆழமாகப் புதைத்தவை இல்லை, சாய்த்துக் கொடுத்தவை. ஞாயிற்றுக்கிழமை வெட்டுவதற்காக நிற்கிறவை, புயலுக்கு நிற்கிறவை அல்ல.

உனக்குத் தெரிந்ததுதான், ஆனாலும் எழுதுகிறேன். ஒரு பக்கத்து முட்டுக்கால்களைக் கோடாரியால் கொஞ்சம் கொஞ்சமாக வெட்டினால் படகு மெதுவாக அந்தப் பக்கம் சாய்ந்து மணலில் படுக்கும். படுத்த பிறகு உருளைக்கட்டை வைத்து, ஊரே கயிறு பிடித்து, கடலுக்கு இழுக்கும். நின்றுகொண்டிருக்கிற படகு காற்றுக்குப் பயப்படும். ஒரு நல்ல அடி அடித்தால் ஒரு முட்டுக்கால் நழுவும், அடுத்தது முறியும், அப்புறம் மூன்று வருஷ வேலை பக்கவாட்டில் விழுந்து விலா உடையும். படுத்திருக்கிற படகுக்குக் காற்றைப் பற்றிக் கவலை இல்லை. அவள் பயப்படுவது கடலுக்கு. தண்ணீர் ஏறி வந்து அவளைத் தூக்கித் தூக்கிப் போட்டால் அதுவும் முடிந்தது.

ஆக, நிற்க வைத்தால் காற்று, படுக்க வைத்தால் கடல். எது வருகிறது? அதைச் சொல். பெயர் உள்ளதா, பெயர் இல்லாததா என்று சொல்லாதே.

கேப்டன் சிமியனிடம் கேட்டேன், முன்கூட்டியே வெட்டிப் படுக்க வைக்கலாமா என்று. நம்மூரில் எந்தப் படகு இறங்கினாலும் கோடாரியை முதலில் வீசுகிற உரிமை அவருடையது, தெரியும்தானே? கையிலிருந்த கோப்பையைக் கீழே வைத்துவிட்டார். "வெட்டுற அன்னைக்கே தண்ணில எறங்கணும். ராத்திரி மண்ணுல படுத்துத் தூங்கின படகு ஆயுசு முழுக்கச் சோம்பேறியா இருக்கும். உங்க தாத்தா காலத்துல கேட்டதுண்டா?" என்றார். "தாத்தா காலத்துல எங்க வீட்டுல மேகம் படிச்ச தங்கச்சி கெடையாது கேப்டன்" என்றேன். மிஸ் டோரின் கடையே சிரித்தது. அவர் சிரிக்கவில்லை.

ஊர் சிரித்தால் சிரிக்கட்டும், ஆனால் சும்மா சிரிக்க வைக்காதே.

அலிக்


பாயின்ட் சலீன்ஸ்
வியாழக்கிழமை, ஜூன் 26

அலிக் அண்ணா,

படகைப் படுக்க வை. நாளை வெள்ளிக்கிழமை பொழுது சாய்வதற்குள்.

இதை முதலில் எழுதிவிட்டேன். மீதியை நிதானமாகப் படி.

உன் கடிதத்தைப் படித்த பிறகுதான் எனக்கு உறைத்தது. சனிக்கிழமையிலிருந்து இங்கே எல்லோரும் கேட்டுக்கொண்டிருந்தது ஒரே கேள்வி: இது வளருமா? நானும் அதையே கேட்டேன், அதையே உனக்கும் எழுதினேன். வளராவிட்டால் அது இப்போது இருக்கிறபடியே வந்து என்ன செய்யும் என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. நான் நான்கு வருஷம் படித்ததில் அந்தக் கேள்விக்கு ஒரு முழுப் பாடம் இருந்தது. பந்தயத்தில் அதை மறந்துவிட்டேன்.

உடனே கப்பல்களிடமிருந்து வந்த தகவல்களை எடுத்துப் பார்த்தேன். நேற்று மாலை ஒரு சரக்குக் கப்பல் அந்த மேகக் கூட்டத்தின் ஊடாக வந்திருக்கிறது. திடீரென்று கிழக்கிலிருந்து சூறைக்காற்று, கொஞ்ச நேரம் கண் தெரியாத மழை, அப்புறம் தென்கிழக்காகத் திரும்பிச் சாதாரணக் காற்று. ஆனால் கடல் மட்டும் வழக்கம்போலவே இருந்ததாம். இன்று காலை இன்னொரு கப்பலும் ஏறக்குறைய அதையே சொல்லியிருக்கிறது. புயல் என்றால் நாள்கணக்கில் கடலைக் கடைந்து, பெரிய அலைகளை முன்னால் அனுப்பும். இது ஓடிக்கொண்டே அடிக்கிற காற்று, கடலைக் கிளப்ப இதற்கு நேரமில்லை. தூசி உள்ளே புகுந்துவிட்டது, சுருளும் அவிழ்ந்துவிட்டது. இது நம்மிடம் வரும்போது புயலாக இருக்காது. ஆனால் வறண்ட காற்று உள்ளே போனால் மழை இறங்கும்போது காற்றும் சேர்ந்து சரிந்து விழும். சனிக்கிழமை முற்பகலில் உன் கடற்கரையில் அப்படி ஓர் அடி விழும், நேராகக் கிழக்கிலிருந்து. கடல், பாசி ஒதுங்குகிற கோட்டைத் தாண்டாது. படகை அந்தக் கோட்டுக்கு மேலேதானே நிறுத்தியிருக்கிறாய்?

இதை உனக்கு எழுதலாமா என்று மிஸ்டர் தெலஸ்போர்டிடம் கேட்டேன். தனி ஆளுக்கு முன்னறிவிப்பு சொல்லக் கூடாது என்பது இங்கே விதி. நான் கேட்டு முடிப்பதற்குள் என் காது சூடாகிவிட்டது. அவர் கப்பல் தகவல்களை வாங்கிப் பார்த்தார். மேசைமேல் வைத்தார். "இது மதியம் நம்ம பொது அறிக்கையிலேயே வரும். சூறைக்காற்று உண்டு, சின்னப் படகுகள் ஜாக்கிரதைன்னு. முட்டுக்கால் பத்தி அதுல ஒரு வரியும் இருக்காது. அத ஆபீஸ் சொல்ல முடியாது. தங்கச்சி சொல்லலாம்" என்றார். அப்புறம் கதவு வரை போனவர் திரும்பி, "நல்ல கேள்வி கேட்டிருக்கான்மா உங்க அண்ணன். எனக்கு இஞ்சி பீர் செலவு வச்சுட்டான்" என்றார்.

நான் தவறாகச் சொல்லியிருந்தால், சனிக்கிழமை வெயில் அடித்தால், ஊர் கேட்கும்போது மேகத்தின்மேல் பழி போடாதே. என் பெயரைச் சொல். லெனோரா சொன்னாள், கேட்டேன் என்று சொல்.

ஆனால் படுக்க வை.

லெனோரா


விண்ட்வர்டு
சனிக்கிழமை, ஜூன் 28, மாலை

லெனோரா,

மேசை ஈரமாக இருக்கிறது, தாளும் ஈரம். அங்கங்கே மை பரவியிருக்கும், கண்டுகொள்ளாதே.

நேற்று உன் கடிதம் மதியம் வந்தது. முதல் வரியைப் படித்துவிட்டு மர்வாவிடம் நீட்டினேன். படித்தாள். "இந்தத் தடவ மேகத்தப் பத்தி ஒரு 'லாம்' கூட இல்ல" என்றாள். அப்புறம் எனக்கு முன்னால் அவளே கோடாரியை எடுத்துக்கொண்டு கடற்கரைக்கு நடந்தாள்.

முரசு இல்லை, சங்கு இல்லை, கொடி இல்லை. பக்கத்து வீட்டுக்காரர்கள், மச்சான்மார், மீன் வலையைப் போட்டுவிட்டு வந்தவர்கள். வந்தவர்களில் பாதிப் பேர் உதவி செய்ய வந்தார்கள், பாதிப் பேர் கேலி பேச வந்தார்கள். "என்னடா, படகுக்குத் தூக்கம் வந்துடுச்சா?" "மெதுவாப் பேசுங்க, முழிச்சுக்கப் போறா!" "தலகாணி கொண்டாரவா அலிக்?" இப்படியே. கேப்டன் சிமியன் வரமாட்டேன் என்றவர், வந்தார். வந்து எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு தூரத்தில் ஒரு பெட்டிமேல் உட்கார்ந்தார். நாங்கள் வெட்ட ஆரம்பித்தோம். மூன்றாவது முட்டுக்காலில் நான் கொஞ்சம் அவசரப்பட்டேன். முதுகைக் காட்டியபடியே அங்கிருந்து ஒரு சத்தம்: "நடுவுல இருக்குறத விடுடா முட்டாள், ஓரத்தக் கொற!" அதற்கப்புறம் அவரால் உட்கார முடியவில்லை. கடைசி இரண்டு முட்டுக்காலுக்கும் அவர்தான் குரல் கொடுத்தார். ஆனால் முகத்தை மட்டும் கடல் பக்கமே வைத்துக்கொண்டார், பார்க்கவில்லை என்று சொல்லிக்கொள்வதற்காக.

அவள் ஒரு சத்தமும் இல்லாமல் சாய்ந்தாள். மாடு படுப்பதுபோல, மூச்சு விட்டுக்கொண்டு.

இன்று காலை பொழுது வெயிலோடு விடிந்தது. நல்ல வெயில். மிஸ் டோரின் கடைப் பக்கமே நான் போகவில்லை. உன் பெயரைச் சொல்லத் தயாராக இருந்தேன், அதையும் எழுதிவிடுகிறேன். அப்புறம் கிழக்கே ஒரு கறுப்பு. கடலின்மேல் வெள்ளையாக ஒரு கோடு ஓடி வந்தது. "வருது, வருது" என்று மர்வா கத்தினாள், அவ்வளவுதான். விருந்துக்குப் போட்டிருந்த பந்தல் எழுந்து நின்றது, யோசித்தது, போய்விட்டது. இப்போது அது சதுப்பு மரங்களின்மேல் காய்கிறது. கோழிக்கூட்டின் தகரம் ரோட்டைத் தாண்டிக் கிடக்கிறது. ஒரு ஆடு கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடி, தேவாலயத்துக்குள் புகுந்து, பீடத்துக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்ததாம். பாதிரியார் அதைத் தருவதற்கு யோசிக்கிறார், அடைக்கலம் கேட்டு வந்திருக்கிறது என்கிறார். ரம் சீசாக்கள் பத்திரம். மர்வா அவற்றைப் படகுக்கு அடியில் வைத்திருந்தாள்.

கடல், பாசிக் கோடு வரை வந்தது. அங்கேயே நின்றது.

நின்றிருந்தால் படகு விழுந்திருக்குமா? நான் விழுந்திருக்கும் என்கிறேன். கேப்டன் சிமியன், "விழுந்திருக்காது, நான் கட்டின முட்டுக்கால் அது" என்கிறார். கடையில் ஊரே இரண்டு கட்சியாக நிற்கிறது. நாங்கள் சாகும் வரை இதைப் பேசிக்கொண்டிருப்போம், நல்லதுதான், வேறு பேச ஒன்றும் இல்லை.

நாளைக்கு இறக்க முடியாது. மணல் கஞ்சிபோல் கிடக்கிறது, உருளைக்கட்டை உள்ளே போய்விடும். எட்னா சித்தியின் விமானமும் மழையால் பார்படோஸில் நின்றுவிட்டது. அவளும் தொப்பியும் அங்கே ஒரு விடுதியில் இருக்கிறார்கள். ஆகவே அடுத்த ஞாயிறு, ஜூலை ஆறு. ஒரு ராத்திரி தூங்கிய படகு இன்னும் எட்டு ராத்திரி தூங்கட்டும்.

ஞாயிற்றுக்கிழமையில் உங்கள் அலுவலகம் திறந்திருக்குமா, மூடியிருக்குமா, எனக்கு என்ன தெரியும்? மர்வா கேட்கச் சொன்னாள்.

அலிக்


பாயின்ட் சலீன்ஸ்
திங்கட்கிழமை, ஜூன் 30

அன்புள்ள அண்ணா,

உன் ஈரக் கடிதத்தை ஜன்னலோரம் காயவைத்துப் படித்தேன். பந்தல் "யோசித்தது" என்று எழுதியிருந்த இடத்தில் மை பரவியிருந்தது. அதனால் நானும் கொஞ்சம் யோசித்துத்தான் படித்தேன்.

அலை இப்போது வெகுதூரம் மேற்கே போய்விட்டது. அதற்குப் பெயரும் இல்லை, எண்ணும் இல்லை. இன்று காலைப் படத்தில் நான் பென்சிலால் கோடு போட்டுத்தான் அது இருக்கிற இடத்தைக் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. இன்னும் ஓரிரு நாளில் யார் கோப்பிலும் இல்லாமல் போய்விடும். சனிக்கிழமைப் படத்தின் ஒரு பிரதியை இதோடு வைத்திருக்கிறேன். நான் வட்டம் போட்ட இடத்தில் கரியாக்கு இருக்கிறது, மேகத்துக்கு அடியில். உன் பந்தல் அதில் தெரியாது.

மிஸ்டர் தெலஸ்போர்ட் எல்லோருக்கும் இஞ்சி பீர் வாங்கிக் கொடுத்தார். எனக்கு இரண்டு. "ஒண்ணு உனக்கு, ஒண்ணு முட்டுக்காலுக்கு" என்றார். படகு விழுந்திருக்குமா இல்லையா என்பதில் அவர் எந்தக் கட்சி என்று கேட்டேன். "நாம எப்பவும் அந்தக் கட்சிதான்மா. நடக்காததுக்குச் சாட்சி சொல்ற கட்சி" என்றார். நானும் அதில்தான் இருக்கிறேன் போலிருக்கிறது. எனக்கு அதில் வருத்தம் இல்லை. கேப்டன் சிமியன் கட்டிய முட்டுக்கால் விழுந்திருக்காது என்றே அவர் நினைத்துக்கொண்டிருக்கட்டும்.

அலுவலகம் ஞாயிற்றுக்கிழமையும் திறந்திருக்கும் என்று மர்வா அண்ணியிடம் சொல். ஆனால் என் நாற்காலியில் வேறு ஒருவர் உட்காருவார். முறை மாற்றிக் கேட்டேன், வாயைத் திறந்து, நானாகவே. சனிக்கிழமை சரக்குப் படகில் வருகிறேன். உருளைக்கட்டைக்குப் பக்கத்தில் கயிறு பிடிக்கிற இடம் ஒன்று எனக்கு வேண்டும். ஆப்பிரிக்கக் கரையில் இன்று காலை வரை புதிதாக ஒன்றும் கிளம்பவில்லை, அதையும் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.

ஆட்டைப் பாதிரியாரிடமே விட்டுவிடலாம் என்று எனக்குத் தோன்றுகிறது. ஒரு ஆடு போதும், இஞ்சி பீர் நான் கொண்டுவருகிறேன்.

இத்தனை கடிதங்களிலும் ஒன்றை எழுதாமல் வைத்திருந்தேன். முதல் கடிதத்திலேயே எழுத நினைத்தது. கூப்பிடாத வீட்டில் கேட்கக் கூடாது என்று விட்டுவிட்டேன். இப்போதும் கேட்கலாமா என்று தெரியவில்லை, கேட்டுவிடுகிறேன். எட்னா சித்திதான் ஞானத்தாய், அதில் எனக்குக் குறை ஒன்றும் இல்லை. அவ்வளவு தூரத்திலிருந்து, அந்தத் தொப்பியோடு வருகிறார். பெயர் என்ன என்றும் கேட்கவில்லை. அது எட்னா என்றே இருந்தாலும் சரி, ஊரோடு சேர்ந்து நானும் அப்போதே பார்த்துக்கொள்கிறேன். ஆனால் பெயரை மூடியிருக்கிற அந்தத் துணிக்கு இரண்டு முனை இருக்குமே, அண்ணா. ஒரு முனை அவர் கையில் இருக்கட்டும். இன்னொரு முனையை என்னிடம் கொடுப்பாயா?

லெனோரா